எனக்கு நடந்த மௌன அஞ்சலி

பிப்ரவரி 9, ஞாயிறு

முன்னறையில் இருந்த நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படித் திருப்பத்தில் சாத்திவிட்டேன். அந்த ஜன்னலில்தான் காலை வெளிச்சம் ஒரே சீராக விழுகிறது. இதற்கே வீட்டில் பெரிய ரகளை. கடைக்குக் கிளம்பும் நேரத்தில் தலை சீவ மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறதாம் இவருக்கு. அத்தைக்கோ மாமா போனதிலிருந்து பொட்டும் கிடையாது, பூவும் கிடையாது. கண்ணாடியில் என் மாமியாருக்கு என்ன சோலியோ தெரியவில்லை, ஆனால் அவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள்.

"வீட்டுக் கண்ணாடிய எடம் மாத்துனா வெளங்குமாட்டி?"

விளங்காவிட்டால் போகட்டும். மகளிர் தினத்துக்குச் சாரல் கலை வட்டம் நடத்தும் கண்காட்சிக்கு என்னிடமும் ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். பெண்கள் பள்ளியில் இத்தனை காலம் டிராயிங் டீச்சராக இருந்ததற்கு, முதல் முறையாக ஒருவர் என் படத்தைக் கேட்கிறார். செயலாளர் இளங்கீரன் போனில் சொன்னார்: "பெண்மையின் மென்மை, அதான் மேடம் தலைப்பு. மயில், தாமரை, தாயும் சேயும், எது வேணாலும் செய்யுங்க."

தோகை உள்ளது ஆண் மயில்தானே சார் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என்னையே வரையப் போகிறேன். விடிந்ததும் எப்படி இருப்பேனோ அப்படி. நைட்டி, தோளில் தேங்காய்ப்பூத் துண்டு, கிளிப் மாட்டிய தலை, வெறும் நெற்றி.

பிப்ரவரி 12, புதன்

எட்டாம் வகுப்பில் என் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். பரீட்சை நெருங்குகிறதாம். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஆண்டு விழா வரவேற்புப் பலகைக்கு எழுத்து எழுதினேன். 'கலையே வாழ்வின் ஒளி' என்று எழுதச் சொன்னார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவருடைய பெரியப்பா மகன் மருதப்பன் அத்தான் வந்திருந்தார். அவர் சம்சாரம் தங்கத்தாய் அக்கா தை மாசம் தவறிப்போனார்கள். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். கையில் அக்காவின் ஆதார் கார்டு. அதை விட்டால் வேறு போட்டோவே இல்லையாம். மூன்று பிள்ளைகளின் கல்யாண ஆல்பத்தையும் புரட்டிப் பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் பந்தி பரிமாறுகிற முதுகுதான் இருக்கிறது.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டிரு தாயி. கழுத்துல ரெட்டவடச் சங்கிலி ஒண்ணு."

"அக்காட்ட ரெட்டவடம் இருந்துச்சா அத்தான்?"

"இல்ல. படத்துலயாவது கெடக்கட்டும்."

இந்த ஊரில் போய்ச்சேர்ந்த பொம்பளைகளில் பாதிப் பேர் என் கையால்தான் சுவரேறினார்கள். மங்கிப்போன குரூப் போட்டோ, ரேஷன் கார்டு, பாஸ்புக் என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். மூடின கண்ணைத் திறக்க வேண்டும், கன்னக்குழியைத் தூர்க்க வேண்டும், வாயைச் சிரிக்க வைக்க வேண்டும். பருப்பு மில் ரத்தினசபாபதி அண்ணாச்சியின் அம்மாவைக்கூடப் போன வருஷம் நான்தான் வரைந்தேன். அண்ணாச்சியை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. மில்லுக்கு மோட்டார் எல்லாம் இவர் கடையிலிருந்து போகிறது, அதனால் போட்டோவும் இவர் வழியாக வந்தது, படமும் இவர் வழியாகப் போனது.

உயிரோடு இருக்கும் ஒருத்தியை வரைந்து தா என்று இதுவரை ஒருவர் வந்ததில்லை. உயிரோடு இருப்பவளைப் படமாக்கி மாட்டினால் ஆயுசு குறையுமாம். ஆம்பளைகள் மட்டும் வாழும்போதே தெருவடைத்து ஃபிளெக்ஸ் வைத்துக்கொள்கிறார்கள், யார் ஆயுசும் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

அத்தான் தெருமுனை தாண்டினதும் அத்தை வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார்கள். "தங்கத்தாயி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இவன் குடிச்ச குடிக்கு அவ எங்கருந்து சிரிக்க?"

நான் சிரிக்க வைத்துவிட்டேன். உதட்டோரம் இரண்டு கோடு இழுத்தால் போதும்.

பிப்ரவரி 19, புதன்

இட்லி வேகிற நேரம்தான் எனக்கென்று உள்ள நேரம். குக்கரை அடுத்த அடுப்பில் ஏற்றிவிட்டு மேலே ஓடுகிறேன், விசில் வந்ததும் கீழே ஓடுகிறேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கண்ணாடியில் பொட்டு நேராக இருக்கிறதா, முந்தானை சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். கன்னத்துக்கு அடியில் பச்சை இருக்கிறது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இடது புருவம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. சும்மா நிற்கும்போதே யாரிடமோ சண்டைக்கு நிற்கிற முகம். முதலில் கூச்சமாக இருந்தது. நாலு நாளில் பிடித்துப்போய்விட்டது. நன்றாகவே இருக்கிறேன்.

கண்ணாடிச் சட்டத்தில் ராத்திரி ராத்திரி கழற்றி ஒட்டின ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றையும் வரைந்துவிட்டேன்.

அத்தைதான் பெரிய தொந்தரவு. முட்டிவலி என்று கோயிலுக்குக்கூடப் போகாதவர்கள், முருங்கைக்கீரையை முறத்தில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, என் முதுகுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்து ஆய்கிறார்கள். கீழே காற்று இல்லையாம். வேண்டுமென்றே என் வேலையைக் கெடுக்கிறார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

படத்தை ஒரு பழைய சேலையால் மூடி வைத்திருந்தேன். இன்று வந்து பார்த்தால் சேலையின் உள்பக்கம் வெளியே இருக்கிறது. யாரோ தூக்கியிருக்கிறார்கள். இவரிடம் கேட்டதற்கு, "எனக்கு வேற சோலி இல்லயா?" என்றார். அது உண்மைதான், இவர் பார்த்திருக்க மாட்டார். பூனையாக இருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

முடித்துவிட்டேன். நெற்றியைத்தான் கடைசியில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் அதன் நடுவில் ஒரு கீற்றாக விழும், அதற்கு வர்ணம் கொஞ்சம் கெட்டியாகப் போட வேண்டியிருந்தது. எண்ணெய் வர்ணம், அந்த இடம் காய இன்னும் நாளாகும்.

இவர் பார்த்தார். "நைட்டிலயா? நாலு பேர் வார எடம். ஒரு பட்டுச்சேல கெட்டி வரஞ்சிருக்கலாம்லா?" அப்புறம், "கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

தலைப்பு 'காத்திருப்பு' என்று வைக்கலாமே என்கிறார் இளங்கீரன். யாருக்குக் காத்திருக்கிறேன்? குக்கர் விசிலுக்கா? 'செண்பகவடிவு' என்று என் பேரையே போடச் சொல்லிவிட்டேன். படத்துக்கும் அதே பேர், வரைந்தவளுக்கும் அதே பேர்.

அத்தையும் வந்து பார்த்தார்கள். படத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார்கள். "பருப்பு அடிப்பிடிக்கு, போய்ப் பாரு" என்றார்கள்.

மார்ச் 8, சனி

 நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

பள்ளியில் மகளிர் தினக் கோலம் போட்டு முடித்துவிட்டு ஹாலுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. உள்ளே நல்ல கூட்டம். சுவரில் மயில் மட்டும் நான்கு. குடம் தூக்கும் பெண்கள், முக்காடு போட்ட பெண்கள், முகமே தெரியாமல் கூந்தலாக நிற்கும் பெண்கள். என் படம் கடைசிச் சுவரில் தனியாக இருந்தது. நேராகப் பார்க்கிற ஒரு முகம், கீழே ஒரு பேர்.

சிறப்பு விருந்தினர் ரத்தினசபாபதி அண்ணாச்சி. கழுத்தில் ரோஜா மாலையோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார், பக்கத்தில் இவர். என் படத்தின் முன்னால் வந்ததும் நின்று செருப்பைக் கழற்றினார்.

"இந்தம்மா எப்பம் தவறுனாவ?"

யாரும் பதில் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. அண்ணாச்சி கழுத்து மாலையைக் கழற்றிப் படத்தின் சட்டத்தில் மாட்டினார். வரவேற்புத் தட்டோடு நின்ற பெண்ணிடமிருந்து சந்தனத்தை விரலில் தொட்டு என் நெற்றியில், அந்தக் காயாத வெளிச்சத்தின் மேல் அப்பினார். அதன்மேல் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டார். பெரிய மனுஷன் கழற்றினால் விடுவார்களா, ஹாலில் இருந்தவர்கள் பூராவும் செருப்பைக் கழற்றினார்கள். மைக்கில் யாரோ ஒரு ஆள், "மறைந்த ஓவியருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி" என்றார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். தலையைக்கூடக் குனிந்துகொண்டேன். பழக்கம், மைக்கில் சொன்னால் நிற்போம். பாதியில்தான் எனக்கு உறைத்தது, அஞ்சலி எனக்கு. வாயைத் திறக்கலாம் என்று பார்த்தால், மௌன அஞ்சலியில் எப்படிப் பேசுவது?

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன், பக்கத்திலேயே நின்றீர்களே, ஏன் சொல்லவில்லை என்று.

"சபைல வச்சு சொன்னா அண்ணாச்சிக்கு அசிங்கம்லா."

"எனக்கு?"

"உனக்கென்ன? நீ உசிரோடதான இருக்க."

மார்ச் 9, ஞாயிறு

கலை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு போட்டுவிட்டார்கள். 'மறைந்த ஓவியர் செண்பகவடிவு அவர்களின் திருவுருவப் படத்துக்கு மலரஞ்சலி.' கோவில்பட்டியிலிருந்து தங்கச்சி கோமு அழுதுகொண்டே போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"நாந்தாம்ளா பேசுதேன். சாகல."

அதற்குப்பிறகும் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அப்பம் படத்துல ஏம்க்கா நைட்டி போட்டிருக்க?" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் ஜோசியரிடம் போய்விட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். மாலை விழுந்த படம் வீட்டுக்குள் வரக்கூடாதாம். கண்காட்சி முடிந்த கையோடு சிற்றாற்றில் விட்டுவிட வேண்டுமாம். "அம்மாவும் அதத்தான் சொல்லுதா" என்றார். அத்தை சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்கள், தலை நிமிரவில்லை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னை ஆற்றில் விடப் பேசி முடித்துவிட்டார்கள். 

மார்ச் 11, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஹாலுக்குப் போனேன். படத்தின் கீழே யாரோ ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள். பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து என் படத்தை நானே பார்த்தேன். வரையும்போது மூக்கின் நீளம், துண்டின் மடிப்பு என்றுதான் கண் போகும். இங்கிருந்து பார்த்தால் ஒரு பொம்பளை நிற்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு யாரைக் கண்டும் பயமில்லை. எனக்கு அவளிடம் பொறாமையாக இருந்தது.

இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். நான் பின்னால் இருப்பதைக் கவனிக்கவில்லை.

"இந்தக்கா செத்துட்டாவளாம்ட்டி."

"பாத்தா அப்பிடித் தெரியலயே. இப்பம் ஏசப்போற மாதிரில்லா இருக்கு."

"எங்கம்மா மாவாட்டுகைல கரண்ட் போச்சுன்னா இப்பிடித்தான் நிப்பா."

அதில் ஒருத்தி குனிந்து, படத்துக்குள் நான் வரைந்திருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தாள். "ஏ, இங்க பாரு, பொட்ட ஒட்டி வச்சிருக்காவ." மயில் பக்கம் போகவேயில்லை, என் படத்தின் முன்னாலேயே ரொம்ப நேரம் நின்றார்கள். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை. சந்தோஷம்தான், வேறென்ன.

அவர்கள் போனதும் கிட்டே போய்ச் சந்தனத்தைத் தட்டைக்கத்தியால் மெல்லச் சுரண்டினேன். காயாத வர்ணத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. சந்தனம் வந்தபோது என் வெளிச்சமும் சேர்ந்து வந்துவிட்டது. நெற்றியின் நடுவில் வெறும் கேன்வாஸ் துணி வெள்ளையாகத் தெரிகிறது. மாலையைக் கழற்றப் போனேன், இளங்கீரன் ஓடிவந்தார். "அண்ணாச்சி கையால போட்டது மேடம், கடைசி நாள் வரைக்கும் இருக்கட்டும்."

ஒருத்தியின் படத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அந்த ஹாலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் இவர்களுக்கு.

மார்ச் 12, புதன்

இளங்கீரன் வீட்டுக்கே வந்துவிட்டார், முறுக்குப் பொட்டலத்தோடு. விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டதாம், மனிதர் மனசுக் கஷ்டத்தில் இருக்கிறாராம். நிறைவு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்துவாராம். அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று.

"மேடைல ஏறி, இது எங்க செத்துப்போன அக்கா படம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க மேடம். ஒங்க சாடதான், யாரும் கேக்கப் போறதில்ல. அண்ணாச்சிக்கும் மரியாத, ஒங்களுக்கும் மரியாத."

எனக்கு அக்கா கிடையாது என்றேன்.

"இருந்திருந்தா எப்பிடி இருந்திருப்பாங்கன்னு வரஞ்சதா வச்சுக்கிடுவோமே."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அக்கா படம் என்றால் மாலை விழுந்ததில் தோஷமில்லை. ஆற்றில் விட வேண்டாம், ஹாலிலேயே நிரந்தரமாக மாட்டிக்கொள்வார்கள். "படம் பொழைச்சுக்கிடும்லா, பேசாம சரின்னு சொல்லு" என்கிறார்.

இல்லாத அக்காவைப் பெற்று, சாகடித்து, அவளுக்கு என் மூஞ்சியைக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் படம் சுவரில் இருக்கும். இது நான்தான் என்று சொன்னால் சிற்றாறு. முறுக்கை நான் தொடவில்லை.

மார்ச் 13, வியாழன்

பீரியடை யாரும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு உங்கள் அம்மாவை வரையுங்கள் என்றேன். எல்லாக் குழந்தைகளும் சிரிக்கிற வாயைத்தான் முதலில் வரைந்தார்கள், அப்புறம்தான் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

நிறைவு விழாவுக்குச் சேலைதான் கட்டிக்கொண்டு போனேன். தேங்காய்ப்பூத் துண்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். மேடைக்குக் கூப்பிட்டதும் துண்டைத் தோளில் போட்டேன், கொண்டையை அவிழ்த்துக் கிளிப் மாட்டினேன், கைக்குட்டையால் பொட்டைத் துடைத்தேன். மேடைக்குப் போகாமல் நேரே கடைசிச் சுவருக்குப் போனேன். சட்டத்தில் தொங்கிய மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ரோஜா எல்லாம் கருகிப்போய், நார் கழுத்தைக் குத்தியது.

மைக்கை இளங்கீரன்தான் கொண்டுவந்து கொடுத்தார், அக்கா வரப்போகிறாள் என்ற நம்பிக்கையில்.

"இது எங்க அக்கா இல்ல. எனக்கு அக்காவே கெடையாது. இது நான். போன சனிக்கிழம எல்லாரும் எனக்காக எந்திச்சு நின்னீங்க, கூட நானும் நின்னேன். அன்னைக்குப் போட்ட மாலைய இன்னைக்கு வாங்கிக்கிடுதேன். என் நெத்தியில இருந்த வெளிச்சம் போச்சு, அத யார்ட்ட கேக்கன்னு தெரியல."

யாரும் கை தட்டவில்லை. ஆனால் என்னைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரமாகத் தொங்குகிற படத்தை அப்போதுதான் பார்த்தார்கள்.

அண்ணாச்சி பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. "எங்கம்மாவ அவ்வளவு லெச்சணமா சிரிக்க வச்சியேம்மா. ஒனக்கு மட்டும் ஏன் இப்பிடி?" என்று கேட்டார்.

"ஒங்க அம்மாவுக்கு நீங்க கேட்டீங்க அண்ணாச்சி. எங்கிட்ட யாரும் கேக்கல."

இவர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

மார்ச் 15, சனி

லோடு ஆட்டோவில் படத்தை ஏற்றினேன். இவரும் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டு, டிரைவரிடம் "சிற்றாத்துப் பாலத்துக்கு விடு" என்றார். நான் பின்னாலிருந்து, "வீட்டுக்கு விடுங்க தம்பி" என்றேன். அந்தப் பையன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். வீட்டுக்குத்தான் விட்டான்.

வாசல்படியில் அத்தை. இவர் குதித்து இறங்கி, "நீயே சொல்லும்மா. ஆத்துல விடணும்னு நீ சொன்னதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார்.

"நான் எப்பம்ல சொன்னேன்?"

"ஜோசியர் சொன்னாரு, நீ சரின்னு..."

"நான் மோர்ச்சோறு தின்னுகிட்டிருந்தேன். நீயாச் சொன்ன, நீயாக் கேட்டுக்கிட்ட. எறக்குல படத்த."

இறக்கி நாற்காலியில் சாய்த்து வைத்தோம். அத்தை கிட்டே வந்து, கண்ணை இடுக்கி, நெற்றியில் இருந்த வெள்ளைக் காயத்தைத் தொடாமல் விரலால் சுட்டினார்கள்.

"இதுல ஒரு வெளிச்சம் கீத்தா விழுந்து கெடக்குமே, எங்கட்டி அது? அடுப்பு எரியுதது கதவுச் சந்துல தெரியும்லா, அது மாதிரி."

முடித்த அன்றைக்கு அத்தை படத்தின் முன்னால் கொஞ்ச நேரம்தான் நின்றார்கள், அப்புறம் கண்காட்சிக்குப் போகும்வரை அது சேலைக்குள்தான் இருந்தது. ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்காது, யாரும் இல்லாதபோது திரும்பத் திரும்ப வந்து பார்த்திருக்கிறார்கள். சேலையைத் தூக்கியது பூனை இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மாடிப்படித் திருப்பத்துக்கு நான் போவதற்கு முன்பே அத்தை அங்கே இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியை யார் மேலே கொண்டுவந்து போட்டது என்று நான் கேட்கவில்லை. தலை சீவவில்லை. வீட்டில் கட்டுகிற சுங்குடிச் சேலைதான். இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் கொடுக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன அத்த?"

"நான் போனப்பொறவு எவனாவது என் ஆதார் கார்டத் தூக்கிட்டு உன்கிட்டதான வருவான்? கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடும்பான். நீயும் போட்டிருவ. தங்கத்தாய்க்குப் போட்டல்லா?"

நான் கரித்துண்டைத் தேடி எடுத்தேன். 

"அதான் இருக்கும்போதே உக்காந்துட்டேன். இவன் அப்பங்கிட்ட இருந்து குப்ப கொட்டுன மூஞ்சி இது. என்ன இருக்கோ அத அப்பிடியே போடு. சிரிப்பு கிரிப்பு வச்சேன்னா எந்திச்சுப் போயிருவேன்."

வெயில் உச்சிக்கு வரும்வரை அசையாமல் இருந்தார்கள். நான் இந்த முகத்தைத் தினமும் பார்க்கிறேன், சாப்பாடு போடுகிறேன், சண்டை போடுகிறேன். வாயின் இரண்டு ஓரமும் எவ்வளவு கீழே இறங்கிக் கிடக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் போடும்போது ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் ஊர்மேல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கீழே இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா படத்துக்குப் பக்கத்தில் காலி ஆணி ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது. அது யாருக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பேசிக்கொள்வதில்லை. "அங்கதான மாட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"அங்க வேண்டாம்" என்றார்கள் அத்தை, படியிலிருந்தே. "என்னையும் இவளையும் வாசலுக்கு நேரா மாட்டு. வாரவன் செருப்பக் கழட்டிட்டு நிமிந்தா எங்க ரெண்டு பேரு மூஞ்சிதான் முன்னால நிக்கணும். எவனாவது மாலையத் தூக்கிட்டு வந்தான்னா உள்ளருந்து நான் கேட்டுக்கிடுதேன், யாருக்குல கொண்டாந்தேன்னு."